பஞ்சும் பிளாஸ்திரியும்

முதியோர் இல்லத்தின் சலவை அறையில் அவள் போர்வைகளைப் பிழிந்துகொண்டிருந்தாள். மேனேஜர் கதவருகே வந்து, "சலவை அக்கா, மேல வாங்க. ஃப்ளூ ஊசி போடுறாங்க" என்றார்.

அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அவள் வீட்டுக்காரர் நூல் மில்லில் பஞ்சுத் தூசி தின்றே நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர். முன்பு ஒருமுறை அந்த ஊசி போட்டு, உடம்பெல்லாம் தடித்து மூச்சடைத்துப் பிழைத்ததே பெரிய பாடு. இனி அவருக்குப் போடவே கூடாது, கூட இருக்கிறவள் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இருமல் சீசன் தொடங்கியதிலிருந்து, அவள் வேலை இடத்துக் காய்ச்சல் தொற்றிவிடுமோ என்று மனுஷன் பாயைச் சுருட்டிக்கொண்டு அடுப்படியில்தான் படுக்கிறார்.

மாடியில் ஈரக் கையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். நர்ஸ் ஸ்பிரிட் தடவி, பஞ்சை வைத்து, மேலே பிளாஸ்திரி ஒட்டினாள்.

"ஊசி எங்கம்மா?"

நர்ஸ் மேனேஜரைப் பார்த்தாள்.

"வந்த மருந்து இங்க இருக்கிற பெரியவங்களுக்கே சரியாப் போச்சு. உங்களுக்கெல்லாம் அடுத்த வாரம் வந்துரும்" என்றார் அவர், போனைத் தூக்கிப் பிடித்தபடி. "இது போட்டோவுக்கு. கொஞ்சம் சிரிங்கக்கா, கொலைக்களத்துல உக்காந்த மாதிரி இருக்கீங்க."

சிரித்தாள். சிரிக்காமல் வேலை பார்க்க முடியுமா?

வீட்டில் அவர் கண் முதலில் பிளாஸ்திரியில்தான் விழுந்தது.

"போட்டுட்டாங்களா! வலிக்குதா?"

அந்த முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. எப்படியும் அடுத்த வாரம் போடத்தானே போகிறார்கள் என்று நினைத்து, "கொஞ்சம்" என்றாள். அன்றைக்கே பாய் அடுப்படியிலிருந்து அவள் பக்கத்துக்கு வந்துவிட்டது.

அடுத்த வாரம் ஊசி வரவில்லை. கேட்டபோதெல்லாம் "வரும், வரும்" என்று மேனேஜர் தட்டிக் கழித்தார். காய்ச்சல்தான் வந்தது. சளியும் வியர்வையுமாக விரிப்புகள் மூட்டை மூட்டையாகக் கீழே இறங்கின. அவளும் இருமத் தொடங்கினாள். பயந்துபோய் அவரை மறுபடி அடுப்படிக்கு அனுப்பினாள். அதற்குள் எல்லாம் கைமீறிப் போயிருந்தது.

அவரை ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனில் விட்டுவிட்டு லீவு கேட்க வந்தாள்.

"இங்க வந்த காய்ச்சல்தான் சார் எங்க வீட்டுக்கும் வந்துச்சு. எனக்கு ஊசியே போடலையே. கூட இருந்து பாக்கணும், சம்பளம் பிடிக்காதீங்க."

மேனேஜர் வரவேற்பறைச் சுவரைக் காட்டினார். 'எங்கள் ஊழியர்கள் அனைவரும் தடுப்பூசி போட்டவர்கள்' என்ற எழுத்துக்குக் கீழே, கண்ணாடிச் சட்டத்துக்குள் அவள் பளிச்சென்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அது யாரு? நீங்கதானே? எங்கயோ வாங்கிட்டு வந்த காய்ச்சலை எங்க தலையில கட்டாதீங்கக்கா. லீவு வேணும்னா எடுத்துக்குங்க, சம்பளம் கிடையாது."

பாவி, அவர்தான் சிரிக்கச் சொன்னவர். அவளுக்குப் பற்றி எரிந்தது.

தன் அப்பாவை அங்கே சேர்க்க வந்திருந்த ஒரு பெண் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பியவள் இவளை அடையாளம் கண்டு அன்பாகச் சிரித்தாள்.

"நீங்கதானா? பரவால்லையே, வேலை செய்யறவங்களையும் நல்லாப் பாத்துக்கிறாங்க. ஊசி வலிச்சுதாம்மா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். இருமல்தான் வந்தது. அந்தப் பெண் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றாள்.