மாமியாரும் பயன்பெற்றார்

தலைவி அம்மாவின் கணவர் காரை விற்ற பிறகு ஷெட் காலியாகக் கிடந்தது. காலி இடத்தைப் பார்த்தால் தலைவி அம்மாவுக்குக் கை சும்மா இருக்காது. பழைய தையல் மெஷின் நான்கு வாங்கிப் போட்டு, ஆதரவில்லாத பெண்களுக்குத் தொழில் கற்றுத் தரப்படும் என்று ஒரு அட்டையில் எழுதி வாசலில் தொங்கவிட்டார். யூனிபார்ம் கம்பெனியில் முப்பது வருஷம் துணி வெட்டி ஓய்வு பெற்ற கட்டிங் மாஸ்டர், வீட்டில் உட்கார்ந்து மனைவியிடம் திட்டு வாங்குவதற்கு இது மேல் என்று சொல்லிக் கற்றுக்கொடுக்க வந்தார்.

முதல் வருஷம் ஆறு பெண்கள். ஆறு பேரும் தைக்கக் கற்றார்கள். மாஸ்டர் ஆறு பேரையும் தன் பழைய கம்பெனிக்குக் கூட்டிப்போய், சூப்பர்வைசரின் காதைக் கடித்து வேலையில் சேர்த்துவிட்டார். வந்தவர்கள் எல்லாரும் வேலைக்குப் போன வருஷம், பின்னால் அறக்கட்டளையாக வளர்ந்த அந்த ஷெட்டின் சரித்திரத்தில் அது ஒன்றுதான். அப்போது அதற்கு ஒரு லெட்டர்பேடுகூடக் கிடையாது.

அந்த ஆறு பேரில் ஒருத்தி பட்டன். முதல் வாரம் ஒரு சட்டையின் எட்டுப் பட்டனையும் உள்பக்கமாகத் தைத்து மாஸ்டரிடம் நீட்டியவள். மாஸ்டர் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதற்குப் பட்டன் போட வேண்டுமென்றால் ஒரு ஆள் சட்டைக்குள்ளேயே குடியிருக்க வேண்டும் என்றார். அன்றைக்கு விழுந்த பெயர் அது.

பட்டனின் புருஷன் வேலை தேடி வெளியூர் போனவன். வேலை கிடைத்தது, கூடவே ஒரு புதுக் குடும்பமும் கிடைத்தது, அங்கேயே தங்கிவிட்டான். நான்கு வயசு மகளையும் தன்னைப் பெற்ற தாயையும் மட்டும் பட்டனிடம் விட்டுப் போயிருந்தான். மாமியார் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகத் தரை துடைத்து முட்டி தேய்ந்தவள். வாய் மட்டும் தேயவில்லை. மகன் திரும்பமாட்டான் என்று தெரிந்த அன்று, "அவங்கப்பனும் இப்படித்தான் போனான். அன்னைக்கு எனக்குத் துணைக்கு ஒரு நாய்கூட இல்லை. உனக்கு நான் இருக்கேன், அனுபவி" என்றாள். அதற்கப்புறம் சமையல், பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, கூட்டிவருவது, தலை வாரிவிடுவது எல்லாம் அவள் பொறுப்பு. பட்டன் நிம்மதியாக ஷெட்டுக்குப் போய் மெஷின் மிதித்தது அந்த ஏற்பாட்டில்தான்.

இரண்டாம் வருஷம் தலைவி அம்மாவின் அண்ணன் மகன் வந்து சேர்ந்தார். நிர்வாகம் படித்தவர். ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்து, அத்தை செய்வது நல்ல காரியம்தான், ஆனால் ரொம்பச் சின்னக் காரியம் என்றார். ஒரு மாதத்துக்குள் வளர்ச்சி அதிகாரி என்று அவருக்கு ஒரு கார்டு அச்சாகிவிட்டது. ஆறு மாதத்துக்குள் மெயின் ரோட்டில் மூன்று மாடிக் கட்டடம். கீழே சோபா போட்ட வரவேற்பறை, அதற்கு மேலே அறிக்கை எழுதும் பிரிவு, அதற்கும் மேலே அந்த அறிக்கைகளைச் சரிபார்க்கும் பிரிவு.

மெஷின்களை முதலில் இரண்டாம் மாடியில் வைத்தார்கள். போனில் மீட்டிங் நடக்கும்போது கடகடவென்று சத்தம் கேட்கிறது என்று புகார் வந்ததால் மூன்றாம் மாடிக்கு ஏற்றினார்கள். சத்தம் அங்கிருந்தும் இறங்கி வந்தது. கடைசியில் மாடிப்படிக்குக் கீழே, துடைப்பமும் வாளியும் இருக்கும் அறையில் அடைத்து, விருந்தினர் வரும் நாளில் மட்டும் வெளியே எடுத்துத் துடைத்தார்கள். இனி எங்கே உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது என்று கட்டிங் மாஸ்டர் கேட்டார். அவர் இப்போது மூத்த ஆலோசகர் என்றும், மூத்த ஆலோசகர்கள் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை என்றும் தெரிவித்தார்கள். உட்கார ஒரு சுழல் நாற்காலியும் கொடுத்தார்கள். பதினைந்து நாள் அதில் சுற்றிப் பார்த்துவிட்டு, மனைவியின் திட்டே தேவலை என்று மாஸ்டர் வீட்டுக்குப் போய்விட்டார்.

தையல் தெரிந்தால் ஒரு வேலைதான் கிடைக்கும், தன்னம்பிக்கை இருந்தால் எந்த வேலையும் கிடைக்கும் என்பது வளர்ச்சி அதிகாரியின் கண்டுபிடிப்பு. ஆகவே வகுப்புகள் மாறின. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒரு பெரிய அலுவலகத்தில் தாங்கள் மேலதிகாரியாக இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். விடியற்காலையிலிருந்து நாலு வீட்டுப் பாத்திரம் கழுவிவிட்டு வந்த ஒருத்தி, கண்ணை மூடியவள் மூடியவள்தான், குறட்டை விட்டாள். ஆழ்ந்த மன ஒருமை எய்தினார் என்று அறிக்கையில் ஏறியது. ஒரே பெண் மூன்று வகுப்புக்கு வந்தால் பயன்பெற்றோர் மூவர் என்று எண்ணினார்கள். அப்படி எண்ணியதில் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. வேலை கிடைத்தவர்கள் யார் யார் என்று ஒருநாள் தலைவி அம்மாவே வாய் தவறிக் கேட்டபோது, எல்லாரும் பழைய ஷெட்டில் கற்ற ஆறு பேரைத் தேடிப் போனார்கள். அவர்களில் எடுத்துக்காட்ட முகக்களையும் குரலும் உள்ள ஒருத்தி வேண்டும். பட்டன் மாட்டினாள்.

ஆரம்பத்தில் மாதம் ஒரு கூட்டம். மேடையில் ஏறி, கஷ்டப்பட்டேன், தையல் கற்றேன், இப்போது வேலையில் இருக்கிறேன் என்று மூன்று வாக்கியம் சொல்லிவிட்டு இறங்கினால் போதும். அப்புறம் வாரம் ஒன்று ஆனது. பட்டன் ஒவ்வொரு தடவையும் கம்பெனியில் லீவு கேட்டாள். சூப்பர்வைசர் நல்ல மனுஷன். ஆனால் பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில், காலர் தைக்கிற ஆள் கைதட்டு வாங்கப் போய்விட்டால் அவர் என்ன செய்வார். ஐந்தாம் மாதம் அவளுடைய மெஷினில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

வேலை போன விஷயத்தைப் பட்டன் ஆபீஸில் சொன்னாள். அறிக்கைப் பிரிவில் கண்ணாடி போட்ட ஒரு பெண் இருந்தாள். பட்டனின் பேச்சை எழுதிக் கொடுப்பவள். ரொம்ப வருத்தப்பட்டாள். வருத்தப்பட்டுவிட்டு, பேச்சில் அதைச் சேர்க்க முடியாது என்றாள். வெற்றிக்கதை என்ற தலைப்பை ஏற்கெனவே அச்சடித்துவிட்டார்கள்.

அந்தப் பெண்ணுக்கு வேறொரு குறையும் இருந்தது. பட்டனின் கதையில் கஷ்டம் போதவில்லை.

"புருஷன் விட்டுட்டுப் போறது எல்லாக் கதையிலும் வருதுக்கா. மாமியார் எப்படி?"

"அத்தை கொஞ்சம் வாய். ஆனா தங்கம்."

"வாய்னு சொன்னீங்களே, அது போதும்."

புதுக் கதையின் முதல் கூட்டத்தில் மாமியார் சுடுசொல் சொன்னாள். சபையில் ஒரு பெருமூச்சு கிளம்பியது. அடுத்த கூட்டத்தில் சோற்றுத் தட்டைப் பிடுங்கினாள். நாலாவது கூட்டத்துக்குள் கரண்டியால் அடித்து, மழையில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டாள். வாங்கின காசுக்குத் துரோகம் பண்ணத் தெரியாத பட்டன், எழுதிக் கொடுத்ததை எழுத்துப் பிசகாமல் சொன்னாள். நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆபீஸ் பீரோவில் அவளுக்கென்றே சாயம் போன உடுப்பு ஒன்று இஸ்திரி போட்டுத் தொங்கியது. கூட்டம் முடிந்து வீட்டுக்கு வரும்போது, தட்டைப் பிடுங்கியவள் தட்டில் சோறு போட்டு மூடி வைத்திருப்பாள். பட்டன் குனிந்த தலை நிமிராமல் சாப்பிடுவாள். இதற்கு ஆபீஸில் மாதாமாதம் ஏதோ கொடுத்தார்கள். விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது.

ஆண்டு விழா வந்தது. அழைப்பிதழிலேயே பட்டனின் படத்தைப் போட்டு, கீழே கதையையும் போட்டுவிட்டார்கள். அந்தக் கட்டடத்தைப் பெருக்கும் ஒரு அம்மாள் பட்டனின் பக்கத்து வீடு. ஒன்றை எடுத்துவந்து மாமியாருக்கு வாசித்துக் காட்டினாள். மாமியார் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாளாம். அன்று மாலை பட்டனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தட்டில் வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடவே விழுந்தது. பட்டன் அதை மட்டும் தட்டின் ஓரமாக ஒதுக்கினாள்.

"விழாவுக்கு நானும் வரேன்" என்று மட்டும் மாமியார் சொன்னாள்.

விழா மண்டபத்தில் மேடையின் ஓரமாக ஒரு புது மெஷினை வைத்து, ஒரு பெண்ணை உட்காரவைத்து, விழா முடியும்வரை மிதித்துக்கொண்டே இருக்கச் சொல்லியிருந்தார்கள். விருந்தினர் யார் விரலிலாவது குத்திவிடக்கூடாது என்று ஊசியைக் கழற்றியிருந்தார்கள். தலைமை விருந்தினர் ஒரு பெரிய கம்பெனி முதலாளியின் மனைவி. இளகிய மனசு, கையில் கைக்குட்டையோடுதான் வந்தார். பட்டன் சாயம் போன உடுப்பில் மைக் முன்னால் போய் நின்றாள். மூன்றாவது வரிசையில், பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, மாமியார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பட்டன் எழுதிக் கொடுத்ததைச் சொல்லித் தொலைத்திருப்பாள்.

"நான் இதுவரைக்கும் எல்லா மேடையிலும் சொன்னது பொய்" என்றாள். "எங்க அத்தை என்னை ஒரு நாளும் பட்டினி போட்டதில்லை, அடிச்சதில்லை. என் பொண்ணை அவங்க பார்த்துக்கிட்டதாலதான் நான் தையல் கத்துக்கிட்டேன். வேலையும் கிடைச்சுது. இந்த மாதிரி மேடை ஏறி ஏறியே அந்த வேலை போச்சு. இப்போ எனக்கு வேலை கிடையாது."

அறிக்கைப் பெண் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். தலைவி அம்மா அண்ணன் மகனைப் பார்த்தார். வளர்ச்சி அதிகாரி அசரவில்லை. நிதானமாக எழுந்து வந்து மைக்கை வாங்கினார்.

"கேட்டீங்களா" என்றார், தழுதழுத்த குரலில். "தன்னைக் கொடுமைப்படுத்தினவங்களைக் காட்டிக்கொடுக்க மனசு வரலை. அவங்களைக் காப்பாத்தறதுக்காகத் தன்னையே பொய்க்காரின்னு சொல்லிக்கிறாங்க. இந்த மனசு மெஷின் மிதிச்சா வராதுங்க. எங்க பயிற்சியில வரும்."

கைதட்டல் கூரையைத் தொட்டது. தலைமை விருந்தினரின் கைக்குட்டை நனைந்துவிட்டது. பட்டன் இன்னொரு தடவை, அப்படி இல்லை, நான் சொன்னதுதான் நிஜம் என்று ஏதோ சொல்லிப் பார்த்தாள். மைக் அவள் கையில் இல்லை. மாமியார் வந்திருப்பதாக யாரோ சொல்ல, அவளையும் மேடைக்கு அழைத்தார்கள். மருமகளின் பெருந்தன்மையால் மனம் மாறிய மாமியார் என்று வளர்ச்சி அதிகாரி அங்கேயே அறிமுகப்படுத்தினார்.

மாமியார் முட்டியைப் பிடித்துக்கொண்டு படி ஏறினாள். சபையைப் பார்த்தாள், கைக்குட்டையைப் பார்த்தாள், அழுதுகொண்டு நிற்கும் மருமகளைப் பார்த்தாள். பிறகு மெஷினைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஆமா, நான் கொடுமைக்காரிதான்" என்றாள். "இன்னைக்குத் திருந்திட்டேன். திருந்தினவ மருமகளுக்கு ஏதாவது செய்யணும் இல்லையா. என்கிட்ட ஒண்ணும் இல்லை. அதோ அந்த மெஷினைக் குடுத்தீங்கன்னா அவளுக்குக் குடுத்துடுவேன். அதுல ஊசி இல்லை, நான் பார்த்துட்டேன். பரவாயில்லை, ஊசி நான் வாங்கிக்கிறேன்."

தலைமை விருந்தினர் எழுந்து போய்த் தன் கையாலேயே மெஷினை அவள் பக்கம் தள்ளினார். போட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். இல்லை என்று சொல்ல வளர்ச்சி அதிகாரிக்கு இடமே கிடைக்கவில்லை. கேமரா போகும்வரை சிரித்துக்கொண்டே நின்றார். அதுவரை மிதித்துக்கொண்டிருந்த பெண், இனி நிறுத்தலாமா என்று கேட்டாள்.

மெஷினை அறக்கட்டளையின் வேனிலேயே ஏற்றி அனுப்பினார்கள். பட்டனின் முகம் ஆள் உயரத்துக்கு வரைந்த வேன் அது. அதில் அவள் ஏறியது அன்றுதான் முதல் தடவை. பேத்தி மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டாள்.

"அத்தை, நான் அப்படியெல்லாம் சொன்னது…" என்று பட்டன் ஆரம்பித்தாள்.

"கரண்டியால அடிச்சேன்னு போட்டிருக்கே. வீட்ல இருக்கிறதே ஒரு கரண்டி. அதுல உன்னை அடிச்சு வளைச்சுட்டா அப்புறம் எதுல பரிமாறுவேன்?"

பட்டன் சிரிக்கப் பார்த்தாள், அழுகைதான் வந்தது. மாமியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பாமலே, "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றாள். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. அதைச் சரிசெய்துகொண்டு, "நானே இன்னும் நல்லதா நாலு கொடுமை சொல்லிக் குடுத்திருப்பேன்" என்றாள்.

கட்டிங் மாஸ்டர் வந்து ஊசி போட்டு, பெல்ட்டை இறுக்கி, எண்ணெய் விட்டு, மெஷினை ஓட வைத்தார். ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறைக்கு ஏப்ரன் தைக்கும் வேலையையும் பேசி முடித்துக் கொடுத்தார். அந்த வருஷ அறிக்கையில், தொழிற்பயிற்சியின் விளைவாக மாமியாரும் பயன்பெற்றார் என்று தனிப் பக்கம் போட்டார்கள். தலைமை விருந்தினர் நெகிழ்ந்து போயிருந்ததால் மாமியார் மேம்பாட்டுத் திட்டம் என்று புதிதாக ஒன்று பிறந்தது. அதற்காக நான்காவது மாடி எழும்பியது. திருந்திய மாமியார் ஒருத்திதான் கைவசம் இருந்தாள். அவளையே பயிற்றுநராக மாதச் சம்பளத்தில் நியமித்தார்கள். வாரம் மூன்று நாள் அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, தான் செய்யாத கொடுமைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி வருத்தப்பட்டாள். வகுப்புக்கு வந்த மாமியார்கள் வாய் பிளந்து கேட்டார்கள். இரண்டொருவர் குறிப்பெடுத்ததாகவும் கேள்வி.

நாலு மாதம் கழித்து அறிக்கைப் பெண் பட்டனுக்குப் போன் செய்தாள். வெளியிலிருந்து பெரிய குழு ஒன்று வருகிறது, உழைத்து முன்னேறிய பெண் ஒருத்தியைப் பார்க்க ஆசைப்படுகிறது, வியாழக்கிழமை முழுநாளும் வர வேண்டும் என்றாள். பட்டன் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே ஏப்ரன் நாடாவை மடித்துத் தைத்தாள்.

"வர முடியாது மேடம். வியாழக்கிழமை அறுபது ஏப்ரன் குடுக்கணும். வேலை இருக்கு."

அறிக்கைப் பெண், நிஜமான வருத்தத்தோடு, அப்படியானால் வேலை இல்லாத யாரையாவது பார்த்துக்கொள்கிறேன் அக்கா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.