எண்பது கிராம்

சேதுராமன் தன் சைக்கிளுக்கு ஸ்கியூவர் தேட ஆரம்பித்து மூன்று வாரமாகிவிட்டது. இன்னும் வாங்கியபாடில்லை.

ஸ்கியூவர் என்பது ஒன்றும் பெரிய சமாசாரமில்லை. சக்கரத்தின் அச்சுக்குள் குறுக்கே ஓடும் மெல்லிய கம்பி. ஒரு முனையில் சின்னக் கைப்பிடி, மறுமுனையில் நட்டு. கைப்பிடியைத் திறந்தால் சக்கரம் கையோடு கழன்று வரும், மூடினால் சட்டத்தில் இறுகி உட்காரும். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று. புத்தியுள்ள மனிதன் பத்து நிமிடத்தில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான். சேதுராமன் கமலத்தைப் பெண் பார்க்கப் போனபோதுகூட இவ்வளவு யோசிக்கவில்லை. அன்றைக்கு அரைமணி நேரத்தில் தலையாட்டிவிட்டு வந்தவர்தான்.

கமலம் காலமாகி நாலு வருஷம். மகள் மெல்பேர்னில். கண்டிக் கட்டுக்கலையில் ஒரு மாடி வீட்டில் அவர் தனியாக இருந்தார். மாநகர சபையில் முப்பத்திரண்டு வருஷ இலிகிதர் வேலை. அங்கே அவரோடு பேசுகிறவர்கள் எல்லோரும் ஃபைலைப் பற்றித்தான் பேசுவார்கள். சீனி வருத்தத்துக்கு உடம்பை அசைக்கச் சொன்னார் டொக்டர் என்று, வெளிநாடு போன ஒருவரின் பழைய ரேஸ் சைக்கிளை வாங்கினார். அதைத் தள்ளிக்கொண்டு போய்த்தான் ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள் குழுவில் சேர்ந்தார்.

குழுவில் அவரையும் சேர்த்து எட்டுப் பேர். காலை ஐந்தரைக்குக் கண்டி வாவிக்கரையில் கூடி, தெல்தெனிய வழியாக ஹுன்னஸ்கிரிய வரை ஏறுவார்கள். மேலே ஒரு தேத்தண்ணிக் கடை. அங்கே அரைமணி நேரம் இருந்து ஊர்க்கதை, அரசியல், கியர், கியர்ப் பல்லு என்று அரட்டையடித்துவிட்டு அதே வழியில் இறங்குவார்கள். குழுவுக்கு ஒரு சட்டமுண்டு. ஏற்றத்தில் யாரும் யாருக்காகவும் காத்திருக்கக்கூடாது. கால் ஆறிவிட்டால் மறுபடி ஏறமாட்டாது. ஆனால் ஒருவருடைய சைக்கிள் பழுதாகிவிட்டால் அத்தனை பேரும் நிற்க வேண்டும், முன்னால் போனவர்கள் எவ்வளவு தூரத்திலிருந்தாலும் திரும்பி வர வேண்டும்.

ஏழு மாதமாக சேதுராமன் அந்தத் தேத்தண்ணிக் கடையில் அவர்களோடு ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. மெதமஹநுவர தாண்டியதும் ஏழு முதுகுகளும் ஒவ்வொன்றாக வளைவில் மறைந்துவிடும். அவர் மூச்சு வாங்கி ஏறிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் எதிரே இறங்கி வருவார்கள். "தவ டிகய், சேர்! இன்னும் கொஞ்சந்தான்!" என்று இரண்டு பாஷையிலும் கத்தி, ஆளுக்கொரு கையைத் தூக்கிவிட்டுப் பறப்பார்கள். அவர் கடையை அடையும்போது கிளாஸ்கள்கூடக் கழுவியாகியிருக்கும். அவர்கள் சிரித்தபடி இருக்கும் படம் மட்டும் மத்தியானம் போனில் வந்து சேரும். அவருக்கு வேண்டியிருந்தது அந்த அரைமணி நேரத்தில் ஒரு பத்து நிமிடமாவது. அதற்கு இருபது நிமிடம் முந்தி ஏற வேண்டும். அதற்கு சைக்கிளில் பாரம் குறைய வேண்டும். கணக்கு இப்படித்தான் ஸ்கியூவரில் வந்து முட்டியது.

கட்டுகஸ்தோட்டையில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் றம்லத். கணவர் இறந்த பிறகு கடையை அவரே நடத்தினார். நாற்பத்தைந்து வயதிருக்கும். சைக்கிளைத் தொட்டுப் பார்த்தே அதற்கு என்ன வருத்தம் என்று சொல்லுகிறவர்.

"வாங்க சேர், இரிங்க. இன்டைக்காவது முடிவு பண்ணுவீங்களா?" என்றார், சமையலறைத் தராசை மேசையில் எடுத்து வைத்துக்கொண்டே.

சேதுராமனின் பழைய இரும்பு ஜோடி நூற்று இருபத்தாறு கிராம். டைட்டேனியம் கம்பி போட்ட புது ஜோடி நாற்பத்தாறு. இதை அவர்கள் ஏற்கெனவே நாலு தடவை நிறுத்துவிட்டார்கள். சேதுராமன் ஐந்தாவது தடவை நிறுக்கச் சொன்னார்.

"எண்பது கிராம் கொறையும்," என்றார் றம்லத். "போத்தல்ல நாலு மொடறு தண்ணியக் கொறச்சாலும் அதே எண்பது கிராம்தான். நான் யாவாரம் பண்ற ஆள், ஆனாலும் சொல்லணுமே."

"தண்ணியும் குறைப்பேன், இதையும் குறைப்பேன், தங்கச்சி."

"உங்கட சைக்கிள் பழசு சேர். பின்சக்கரம் உக்கார்ற வாய் முன்பக்கமாத் தொறந்து ஈக்கி. ஏத்தத்துல எழும்பி மிதிச்சா செயின் சக்கரத்த இழுக்கும். பழைய இரும்பு இறுக்கிப் பிடிக்கும். இந்த லேசுச் சாமான் அவ்வளவு பிடிக்காது. வழுக்கினாலும் வழுக்கும்."

"அப்ப வேண்டாமா?"

"வேணாம்னு சொல்லல்ல. மூடும்போது உள்ளங்கையில தடம் பதியிற அளவுக்கு அழுத்தி மூடணும். அப்படி மூடினா நிக்கும்."

சேதுராமன் தலையைச் சொறிந்தார். உண்மையில் எதை வாங்குவது என்று இரண்டாவது வாரமே அவருக்குத் தெரியும். வாங்கிவிட்டால் மறுவாரம் கடைக்கு வர ஒரு சாக்கு இருக்காது, அதுதான் இழுத்துக்கொண்டிருந்தார். றம்லத் தரும் பிளேன்டீயைக் குடித்தபடி கிராம் கணக்குப் பேசும் இந்த முக்கால் மணி நேரமும் அவருக்குப் பேச்சில் சேர்த்திதான். ஆனால் ஞாயிறு நெருங்கிவிட்டது. டைட்டேனியத்தை வாங்கினார். பழையதைக் கடையிலேயே விட்டுவிட்டு, புதியதை றம்லத் பூட்ட, கைப்பிடியைத் தானே உள்ளங்கை சிவக்க மூடினார்.

அந்த ஞாயிறு மெதமஹநுவர ஏற்றத்தில் ஏழு முதுகுகளும் வழக்கம்போலவே மறைந்தன. எண்பது கிராம் என்ன செய்யும்? எழுபத்தாறு கிலோ மனிதர் அவர். இரண்டு வளைவு வரை பல்லைக் கடித்து மிதித்தார். மூன்றாவது வளைவில் நெஞ்சு அடைத்தது, இறங்கிவிட்டார். தேயிலைக்கு மேலே மூடுபனி கிடந்தது. ஒரு வாகனமும் இல்லை. இப்போது அவர்கள் கடைக்குள் நுழைந்திருப்பார்கள், கதிரைகளை இழுத்துப் போட்டிருப்பார்கள் என்று நினைத்தார். தான் இல்லாததை அங்கே யாரும் கவனித்துக்கூட இருக்கமாட்டார்கள் என்றும் நினைத்தார். அது அவருக்குப் பொறுக்க முடியாமல் இருந்தது.

குனிந்து பின்சக்கரக் கைப்பிடியைத் திறந்தார். சக்கரத்தை ஒரு பக்கமாக இழுத்து, டயர் சட்டத்தில் உரசும்படி சாய்த்து வைத்தார். பிறகு குழுவிலிருந்த ராஜலிங்கத்துக்குப் போன் எடுத்தார்.

"சக்கரம் வழுக்கிட்டுது ராஜலிங்கம்."

"அசையாம நில்லுங்க சேர், வந்துட்டோம்."

வந்துவிட்டார்கள். ஆவி பறக்கும் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு நாலு கிலோமீட்டர் இறங்கி, ஏழு பேரும். ராஜலிங்கம் ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இப்போது கண்டியில் பௌதிகம் படிப்பிக்கும் ஆசிரியர். குழுவில் எல்லோருக்கும் அவர்தான் மெக்கானிக். முழங்காலை ஊன்றிச் சக்கரத்தை நேராக்கினார். மற்றவர்கள் சுற்றி நின்று, இரும்புதான் நல்லது, இல்லை டைட்டேனியமே போதும் என்று சண்டை பிடித்தார்கள். ஒருவர் தன் வாழைப்பழத்தில் பாதியை சேதுராமன் கையில் திணித்தார். இன்னொருவர், "சேர் வீட்ல யார் யார் இருக்கீங்க?" என்று கேட்டார். ஏழு மாதத்தில் முதல் தடவையாக ஒருவர் கேட்கிறார். சேதுராமன் கமலத்தைச் சொன்னார், மகளைச் சொன்னார், தான் வைக்கும் உருப்படாத ரசத்தைக்கூடச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். இருபத்தைந்து நிமிடம். வெட்கமில்லாமல் சந்தோஷமாக இருந்தார் மனிதர்.

"பின்சக்கரம் இறக்கத்துல கழண்டிருந்தா ஆளே இல்ல," என்று எழுந்தார் ராஜலிங்கம். முகம் சிவந்திருந்தது. "வயசான ஆளுக்கு இந்தச் சாமானை வித்திருக்காங்க பாருங்க. எங்க வாங்குனீங்க சேர்?"

அந்த இடத்தில் நாக்கை அடக்கியிருக்கலாம். பாதி வாழைப்பழம் வாயில் இருந்த சேதுராமன், "கட்டுகஸ்தோட்டையில, றம்லத் கடையில," என்றார்.

மறுநாள் காலை ராஜலிங்கம் குழுவுக்குப் போட்ட செய்தி போனில் இருந்தது, ஸ்கியூவரின் படத்தோடு. கட்டுகஸ்தோட்டை றம்லத் கடையில் ஆபத்தான சாமான் விற்கிறார்கள், யாரும் வாங்க வேண்டாம். குழுவிலிருந்து அது வேறு குழுக்களுக்கும் போயிற்று. குருநாகல் பக்கத்து ஆட்கள்கூட நன்றி சொல்லியிருந்தார்கள்.

புதன்கிழமை றம்லத் கூப்பிட்டார். "வேலை முடிஞ்சு சைக்கிளோட ஒருக்கா வந்துட்டுப் போங்க சேர்." அவ்வளவுதான் சொன்னார்.

அன்றைக்குப் பிளேன்டீ வரவில்லை. றம்லத் போன் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தினார். கம்பியைக் கழற்றி, சட்டத்தின் இரண்டு பக்கமும் விரலால் தடவிப் பார்த்தார்.

"வழுக்கியிருந்தா இந்த நட்டோட பல்லு இரும்பைக் கீறியிருக்கணும். இங்க பெயின்ட்கூட உரியல்ல."

சேதுராமன் தரையைப் பார்த்தார். முப்பத்திரண்டு வருஷம் மற்றவர்களின் பொய்யை ஃபைலில் கண்டுபிடித்தவருக்குத் தன்னுடைய பொய்யை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை.

"நான்தான் திறந்தேன், தங்கச்சி."

"ஏன் சேர்?"

"பழுதுன்னா திரும்பி வருவாங்க."

றம்லத் கம்பியைத் திரும்பப் பூட்டி, கைப்பிடியை அழுத்தி மூடினார். "இந்த ரெண்டு நாள்ல மூணு பேர் ஓடர் வேணாம்னுட்டாங்க. எங்கட மனுசன் மவுத்தாகி ஆறு வருஷம், ஒத்தருக்கும் கூடாத சாமான் குடுத்தல்ல. நான் யாருக்கும் ஒண்டும் சொல்லப்போறல்ல. சொல்றதுன்னா நீங்கதான் சொல்லணும்." பிறகு உள்ளே போய்விட்டார்.

சொன்னால் குழு போய்விடும். சொல்லாவிட்டால் அந்தப் பெண்ணின் பெயர் போய்விடும். வியாழக்கிழமை முழுக்க சேதுராமன் நல்ல நல்ல காரணங்களாகத் தேடினார். நாளானால் எல்லோரும் மறந்துவிடுவார்கள் என்பது அதில் ஒன்று. கடையில் குந்தியிருந்து சட்டத்தைத் தடவிய விரல் நினைவுக்கு வந்ததும் எல்லாக் காரணமும் உதிர்ந்தது.

வெள்ளி மதிய இடைவேளையில் மேசையில் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்காமல் வைத்துவிட்டு எழுதினார். குழுவில் பாதிப்பேர் சிங்களவர்கள், அதனால் சிங்களத்தில் எழுத வேண்டும். அவருக்குத் தெரிந்த சிங்களமோ அலுவலகச் சிங்களம். எனவே அவருடைய வெட்கம் இப்படி வெளிவந்தது: மேற்படி விடயம் தொடர்பாக அறியத்தருவது யாதெனில், ஒன்று, கடந்த ஞாயிறன்று மேற்படி சக்கரம் வழுக்கவில்லை. இரண்டு, அதனைத் திறந்தவர் கீழே பெயர் குறிப்பிடப்படுபவரே. மூன்று, குறித்த கடையின்மீது எவ்விதத் தவறும் இல்லை; கடைக்காரர் முன்கூட்டியே எச்சரித்துள்ளார். நான்கு, இதற்கான காரணம் தாங்கள் அனைவரும் திரும்பி வர வேண்டுமென்பதே. அ. சேதுராமன்.

நாலாவதை மூன்று தடவை அழித்துவிட்டு நாலாந் தடவை அப்படியே விட்டார். அனுப்பினார்.

ஏழு பேரும் பார்த்ததற்கு அடையாளம் விழுந்தது. ஒருவரும் பதில் போடவில்லை. மாலையில் கடையைப் பற்றிய பழைய செய்தியை ராஜலிங்கம் அழித்திருந்தார். அதற்குக் கீழே, கடையில் பிழையில்லை, வேறு குழுக்களில் போட்டவர்கள் அங்கேயும் சொல்லிவிடவும் என்று ஒரு வரி. சேதுராமனுக்கு என்று ஒரு சொல்லும் இல்லை. சனிக்கிழமை முழுக்கப் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகளின் அழைப்பு வந்தபோது, எல்லாம் நல்லாயிருக்கு என்றார்.

ஞாயிறு போவதா வேண்டாமா என்று நாலு மணிக்கே எழுந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். போனால் அவமானம். போகாவிட்டால் அந்த மாடி வீட்டில் இரவு வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அவமானமே தேவலை என்று சைக்கிளை இறக்கினார்.

வாவிக்கரையில் ஏழு பேரும் நின்றார்கள். அவர் போய்ச் சேர்ந்ததும் பேச்சு நின்றது. "குட் மோர்னிங் சேர்," என்றார் ஒருவர், எங்கேயோ பார்த்துக்கொண்டு. ராஜலிங்கம் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. கிளம்பினார்கள். தெல்தெனிய வரை யாரும் அவர் பக்கத்தில் வரவில்லை. மெதமஹநுவர தாண்டியதும் ஏழு முதுகுகளும் மறைந்தன. இன்றைக்கு இன்னும் வேகமாகப் போனது போல அவருக்குப் பட்டது. இனி வரக்கூடாது, இதுதான் கடைசி என்று சொல்லிக்கொண்டே மிதித்தார்.

மூன்றாவது வளைவைத் தாண்டி நிமிர்ந்தபோது, வீதியோரத்தில் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு ராஜலிங்கம் நின்றார். மற்றவர்கள் யாரும் இல்லை.

சேதுராமன் பிரேக் பிடித்தார். "என்ன ராஜலிங்கம், சைக்கிளுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

"பஞ்சரா?"

"ஒண்ணும் ஆகலன்னு சொல்றேன்ல." குரலில் கோபம் இன்னும் இருந்தது. "அந்தக் கடைக்காரம்மாகிட்ட நேத்து போய் மன்னிப்புக் கேட்டேன். உங்களால நான் கேக்க வேண்டியதாப் போச்சு. சரி, வாங்க, போவோம்."

ராஜலிங்கம் சின்னக் கியருக்கு மாற்றி, சேதுராமனின் வேகத்துக்குப் பக்கத்திலேயே மிதித்தார். அவ்வளவு மெதுவாக ஏறுவது அவருக்குக் கஷ்டமாக இருந்தது. முன்சக்கரம் அடிக்கடி தள்ளாடியது. ஏற்றத்தில் பேச யாருக்கு மூச்சிருக்கிறது? ஹுன்னஸ்கிரிய வரைக்கும் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சேதுராமன் அழுதுகொண்டே மிதித்தார்.