பின்மூடியில் விட்ட இடம்

அப்பா போய் மூன்று மாதம் ஆன பிறகு, அம்மா அவருடைய கைக்கடிகாரத்தைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்து என் கடை மேஜையில் வைத்தாள். சாவி கொடுத்தால் ஓடுகிறது, ஆனால் ஒரு நாளைக்கு அரை மணி நேரம் முந்துகிறது, சரிபண்ணி நீயே கட்டிக்கொள் என்றாள்.

எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. ஊரிலுள்ள வாட்சுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவன் நான். அப்பா உயிரோடு இருந்தவரை இதன்மேல் என் விரல் பட்டதில்லை. போன வருடம் இது தறிகெட்டு ஓட ஆரம்பித்தபோது, கொடுங்கள், பார்த்துத் தருகிறேன் என்று கைகூட நீட்டினேன். உனக்கெதுக்கு அது என்று சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டார். பெற்ற பிள்ளையின் வேலையில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டேன்.

கடை அண்ணன் ஆரம்பித்தது. ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்தோம். அவன் நிதானம், நான் அவசரக்குடுக்கை. ஒருநாள் ஒரு வாடிக்கையாளரின் வாட்சைப் பிரிக்காமலேயே நாலு சொட்டு எண்ணெய் விட்டு, சர்வீஸ் முடிந்தது என்று நீட்டிவிட்டேன். அண்ணன் அதை வாங்கித் திறந்து பார்த்து, கடையில் ஆள் நிற்கும்போதே என்னை வாங்கு வாங்கு என்று வாங்கிவிட்டான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"இனிமே உன் கை பட்ட வாட்சை என் கையால தொடமாட்டேன்" என்றேன்.

அந்த வாரமே அவன் லென்சையும் இடுக்கிகளையும் மட்டும் எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டான். கோபம் ஆறினால் வருவான் என்று இருந்தேன். வரவில்லை. பிறகு உதிரிபாகம் வாங்கப் போகிற ஊரிலெல்லாம் கடை கடையாக விசாரித்தேன். பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது. அவனைப் பார்க்க வேண்டும் என்று நான் எப்படி ஏங்கினேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் வீம்பு என்னாவது?

அம்மா போனதும் வாட்சைக் கையில் எடுத்தேன். ஓரங்களில் படிந்திருந்த அப்பாவின் வியர்வை அழுக்கைத் தீக்குச்சி முனையால் சுரண்டிவிட்டுப் பின்மூடியைத் திருகிக் கழற்றினேன்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. சர்வீஸ் பண்ணியவன் பின்மூடியின் உட்புறத்தில் ஊசியால் தேதியையும் தன் அடையாளத்தையும் கீறிவைப்பான். லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அண்ணனின் அடையாளம் ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி. என்னுடையது இரண்டு குட்டிக் கோடுகள். ஒரே வாட்சில் இரண்டு பேரும் கைவைத்தால் மேலே அவனுடையது, கீழே என்னுடையது.

மூடிக்குள் ஐந்து வட்டங்கள் இருந்தன. ஐந்தும் அவன் போன பிறகு போட்ட தேதிகள். மூன்று நான்கு வருடத்துக்கு ஒன்று. கடைசித் தேதி போன வருடத்தது.

லென்ஸ் கண்ணிலிருந்து நழுவி மேஜையில் விழுந்தது. ஆபீஸ் சிநேகிதரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அப்பா பையைத் தூக்கிக்கொண்டு போன பயணங்கள் நினைவுக்கு வந்தன. ஒளித்துவைத்தாரே என்று ஆத்திரமாகவும், அண்ணன் இருக்கிறான் என்று சந்தோஷமாகவும் இருந்தது. எது முதலில் வந்தது என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

லென்ஸை எடுத்து மறுபடி பார்த்தேன். ஒவ்வொரு வட்டத்துக்கும் கீழே ஒரு வரி இடம் விட்டிருந்தான். நெருக்கி எழுதுகிறவன் அவன், இடத்தை வீணாக்கமாட்டான். கடைசி வட்டம் மட்டும் கோணலாக, இரண்டு முனையும் முட்டாமல் நின்றிருந்தது. உள்ளே மயிரிழை போன்ற ஹேர்ஸ்பிரிங்கில் எண்ணெய் வழிந்து சுருள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. வாட்ச் முந்தியது அதனால்தான். ஊசி முனையளவு எண்ணெய்கூட அதிகம் வைக்காதவன் செய்த வேலையா இது? அவன் கைக்கு ஏதோ ஆகியிருக்கிறது என்று புரிந்தது.

கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய், மூடியை அம்மாவின் முன்னால் வைத்து, உனக்கும் தெரியுமா என்று கேட்டேன். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு வருடமாக அண்ணனுக்குக் கை நடுங்குகிறதாம். தம்பி தானாகத் தேடி வரும்வரை தன் இருப்பிடத்தைச் சொல்லக்கூடாது என்று அப்பாவிடம் சத்தியம் வாங்கியிருந்தானாம்.

"நான் போறதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா நிக்கறதைப் பாக்கணும்டா. அதான் கொண்டாந்து உன் மேஜையில வச்சேன்" என்றாள்.

"என்னைப் பத்திக் கேப்பானாம்மா?"

"ஒரு வார்த்தை கேக்கமாட்டானாம். வாட்சைத் திறந்து லென்ஸை வச்சுப் பாப்பானாம். 'இன்னும் அவன் தொடலையா'ன்னு மட்டும் சொல்லுவானாம்."

"அப்ப அப்பா ஏம்மா என்கிட்ட குடுக்கல? நான் கேட்டேனே."

"உன் கை பட்டுதுன்னா அவன் அதை வாங்கவே மாட்டானோன்னு பயந்தாருடா. அந்த வாட்சை விட்டா அவனைப் பாக்கப் போக அவருக்கு வேற என்ன சாக்கு இருக்கு?"

ஐந்து தடவை திறந்து பார்த்து ஐந்து தடவையும் ஏமாந்திருக்கிறான். அவன் வைராக்கியத்துக்கு அப்பா பயந்தார், என் வைராக்கியம் இன்னும் தீரவில்லை என்று அவன் நினைத்தான். நடுவில் நான் மேஜையின் இந்தப் பக்கம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அம்மாவிடம் முகவரியை வாங்கிக்கொண்டு கடைக்குத் திரும்பினேன். பாகம் பாகமாகப் பிரித்துக் கழுவி, ஹேர்ஸ்பிரிங்கைச் சுருள் சுருளாகச் சுத்தம் செய்து, வைக்க வேண்டிய இடத்தில் மட்டும் எண்ணெய் தொட்டேன். அவசரப்படவில்லை. கடைசியாக ஊசியை எடுத்தேன். மேலே இருந்த நான்கு இடங்களிலும் எழுத எனக்கு அருகதையில்லை. கோணல் வட்டத்தின் கீழே அன்றைய தேதியையும் இரண்டு கோடுகளையும் கீறினேன். என் கையும் ஆடியது, ஒரு கோடு எங்கோ இழுத்துக்கொண்டு போய்விட்டது. தேய்த்துவிட்டு மறுபடி போடலாம். போடவில்லை. பார்த்ததும் திட்டட்டும். அவன் திட்டிக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.