சேர்வராயனுக்குச் சொன்ன பொய் விரதம்

மாசி மாதம் மிளகு பறிக்கும்போதுதான் வெங்கடேஷ் வழுக்கி விழுந்தான். எஸ்டேட்டில் மிளகுக்கொடி படர்ந்த மரங்களில் ஏற ஒற்றை மூங்கில்தான் ஏணி. கணுவில் வெட்டாமல் விட்ட முளைகள்தான் படி. பனி ஈரத்தில் கால் சறுக்கி, கீழே இருந்த முளையின் மேல் கவட்டை விரித்து உட்கார்ந்துவிட்டான். உயிர் போய்த் திரும்பி வந்தது. கீழே நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தான். அந்தச் சிரிப்புக்குப் பிறகு யாரிடம் போய் வலிக்கிறது என்று சொல்வது?

சிறுநீரில் கொஞ்சம் ரத்தம் வந்து நின்றது. வீக்கமும் வடிந்தது. ஆனால் அதன்பிறகு சிறுநீர் நூலாகத்தான் இறங்கியது. முக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய பயம் வேறு. மனைவி சிவரஞ்சனி பக்கத்தில் படுத்தால் உடம்பு அசையவே இல்லை. கல்யாணமாகி நான்கு வருடம், இன்னும் பிள்ளை இல்லை. அவள் கேட்டுவிட்டால் என்ன சொல்வது என்று நடுங்கினான்.

மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா. பங்குனியிலேயே மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு, விரதம் என்று சொல்லித் தனிப்பாயில் படுத்தான். விரதக்காரனை யார் கேள்வி கேட்பார்கள்? டாக்டரிடம் சொல்ல வேண்டியதைச் சாமி தலையில் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தான், மடையன். தண்ணீர் குடித்தால்தானே போக வேண்டும் என்று தண்ணீரையும் குறைத்தான். அதற்கும் விரதமே சாக்கு.

சிவரஞ்சனி ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் அவளும் ஒரு கயிறு கட்டிக்கொண்டு ஒருவேளைச் சாப்பாட்டுக்கு மாறினாள். எதற்கு என்று அவனும் கேட்கவில்லை.

திருவிழா முடிந்து, சாமி இருக்கும் குகைக்குள் குனிந்து கும்பிட்டு, கயிற்றை அவிழ்த்துப் போட்டுவிட்டு வந்த அன்றே குளிர்க்காய்ச்சல் கண்டது. அடிவயிறு கல்லாகக் கனத்தது. இனிச் சாக்கும் இல்லை, தாங்கவும் முடியவில்லை. சேலத்துக்கு பஸ் ஏறினான். வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் சிவரஞ்சனியும் ஏறினாள். அவள் கயிறு இன்னும் கையில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்தது ஆன்மேரி என்ற டாக்டரம்மா. பொம்பளை டாக்டர் என்றதும் அவனுக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

"அவங்க வெளிய இருக்கட்டுமா?" என்று டாக்டர் கேட்டார்.

வெங்கடேஷ் மனைவியைப் பார்த்தான். "வேண்டாங்க. அவளும் கேக்கட்டும்," என்றான். "மாசியில ஏணியில சறுக்கி, உசுர்நெலையில அடிபட்டுருச்சுங்க. அப்ப இருந்து ஒன்னுக்குச் சரியா வர்றதில்லைங்க. அப்புறம்... ஊட்டுக்காரிகூடவும் சேர முடியறதில்லைங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. அதற்கே அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பரிசோதித்துவிட்டு டாக்டர் சொன்னார்: "உள்ள தழும்பு விழுந்து பாதை சுருங்கியிருக்கும்போல. அதுக்கு வைத்தியம் இருக்கு, ஆபரேஷன் தேவைப்படலாம். இன்னொன்னுக்கு இப்பவே வாக்குக் கொடுக்க மாட்டேன். ரத்த ஓட்டத்தைப் பாக்கணும். அடிபட்ட அன்னைக்கே வந்திருக்கணும்பா. இப்ப தண்ணி குடிச்சிட்டு வாங்க, எவ்வளவு வேகமா வருதுன்னு பாக்கலாம்."

வராந்தா பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"ஏனுங்க, அப்ப அந்த வெரதம்?"

"பொய்யி, ரஞ்சனி. சாமி பேரச் சொல்லி உன்னய ஏமாத்திப்போட்டேன்."

அவள் தன் கயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தாள். "கொழந்தைக்குத்தான் இருக்கறீங்கன்னு நெனச்சு நானும் பட்டினி கெடந்தனுங்க," என்றாள். "வலிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, சாமிகிட்ட அதத்தானுங்க மொதல்ல கேட்டிருப்பேன்!"

வெட்கம் என்றால் என்னவென்று அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

சிவரஞ்சனி கண்ணைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். குடித்தான். பாதியில் நிறுத்தினான்.

"முழுசுங்க," என்றாள் அவள்.