ஓம வாசம் வராத எண்ணெய்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் நான் சொன்னால் சொன்னதுதான். ஒரு துளி எண்ணெயை ஊசியில் எடுத்து மெஷினுக்குள் செலுத்தினால், நாற்பது நிமிடத்தில் அந்த எண்ணெயின் ஜாதகமே காகிதத்தில் வந்து விழும். அதைப் படித்துச் சொல்கிறவன் நான். அதனால் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. என் மனைவியைக் கேட்டால் அந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லை ஒத்துக்கொள்ள மாட்டாள்.

அவளுடைய தம்பி, அதாவது என் மச்சான், மலையில் காட்டுச் செடிகளைப் பறித்து, ஆவியில் வேகவைத்து எண்ணெய் இறக்குகிறவன். ஓமம் போல மூக்கில் ஏறும் ஒரு செடி. அதன் எண்ணெயை ஒரு தைலக் கம்பெனி எங்களிடம் சோதிக்கக் கொடுத்து வாங்குகிறது. ஓமத்துக்குக் காரத்தைத் தரும் தைமால் அதில் நூற்றுக்கு நாற்பதாவது இருக்க வேண்டும். இந்த முறை அவன் அனுப்பிய பீப்பாயில் பதினொன்றுதான் இருந்தது. முகர்ந்து பார்த்தேன். மல்லி விதையைக் கையில் கசக்கியது போல இருந்தது.

கம்பெனிக் கடிதம் சுற்றி வளைக்கவில்லை. கலப்படம் என்று நான் எழுதிக் கொடுத்தால் மச்சானின் பெயரை அடித்துவிடுவார்கள். அப்புறம் வேறு எந்தக் கம்பெனியும் அவனை வாசற்படி ஏற விடாது.

"உன் தம்பி மல்லி எண்ணெயைக் கலந்திருக்கான்" என்று வீட்டில் சொன்னேன்.

"அவனுக்குக் காபில சர்க்கரையே ஒழுங்கா கலக்கத் தெரியாது. மெஷின் சொல்லுதுங்கறீங்க, மெஷின் மலைக்குப் போச்சா? நீங்களாவது போனீங்களா?"

போனதில்லை. பத்து வருஷமாக அந்தச் செடியின் எண்ணெயைச் சோதிக்கிறேன். அது மண்ணில் நிற்பதை ஒரு நாளும் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் என்னை மலைக்கு அழைத்துப் போனான். வழியில் மூன்று முறை, இயற்கையை ரசிப்பதற்காக, பாறையில் உட்கார்ந்தேன்.

"ரசிச்சது போதும் மாமா, மூச்சு வந்துடுச்சுன்னா கிளம்பலாம்" என்றான்.

முதலில் ஓடையோரம். மர நிழல், கறுத்த ஈர மண், முழங்கால் உயரத்துக்குத் தளதளவென்று செடி. பீப்பாய்க்குப் பறித்தது இங்கேதான் என்றான். இலையைக் கசக்கினேன். மல்லி! இன்னும் முன்னூறு அடி ஏறினால் வெயில் கொளுத்தும் சரிவு. சுண்ணாம்புக் கல் இடுக்கில் அதே செடி, சாண் உயரத்தில், யாரோடோ கோபித்துக்கொண்டது போலச் சுருங்கிக் கிடந்தது. கிள்ளி முகர்ந்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஓமம்! இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். பூ ஒன்றுதான், தண்டு ஒன்றுதான், இலையின் அடியில் இருக்கும் மயிர்கூட ஒன்றுதான். வெயிலும் கல்லும் ஒன்றுக்குக் காரம் ஏற்றியிருந்தன. நிழலும் ஈரமும் மற்றதைச் சாதுவாக்கியிருந்தன.

எனக்குக் கோபம் வந்தது. "காய்ஞ்ச எடத்துலதான் காரம் ஏறும்னு உனக்குத் தெரியாதா? இத்தனை வருஷமா மேலதானே பறிச்சே? இப்ப ஏன் கீழ போனே?"

"விடுங்க மாமா."

"சொல்லுடா."

"போன தடவை வீட்டுக்கு வந்தப்ப நீங்கதான் சொன்னீங்க. ஏன் இப்படி வத்திப் போனதையெல்லாம் பறிக்கறே, இலை செழிப்பா இருக்கறதாப் பாத்துப் பறி, எண்ணெய் தரமா வரும்னு. படிச்சவரு சொல்றாரேன்னு கேட்டுக்கிட்டேன்."

சொல்லியிருந்தேன். சாப்பிட்ட தெம்பில், அவன் தோளைத் தட்டி, யாரும் கேட்காமலே சொல்லியிருந்தேன்.

"கம்பெனிக்காரங்க கேட்டப்ப இதைச் சொல்ல வேண்டியதுதானே?"

"உங்க பேரு கெட்டுடுமே மாமா."

அவன் பெயரே போய்க்கொண்டிருக்கும்போது என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறான். அவன் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. இறங்கும் வழியில் நான் எங்கும் உட்காரவில்லை.

இரண்டு இடத்துச் செடிகளையும் திங்கட்கிழமை கண்ணாடிக் குடுவையில் தனித்தனியாக வடித்தேன். ஓடையோரம் பன்னிரண்டு. சரிவு நாற்பத்தாறு. கலப்படம் இல்லை என்று எழுதியாயிற்று. பறித்த இடம் மாறியதே காரணம் என்றும் எழுதினேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம், யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை. ஆனால் இடம் பார்த்துப் பறிக்கத் தெரியாதவன் என்ற பழி மச்சான் தலையில் நின்றுவிடும். அரை மணி நேரம் பேனாவைக் கடித்துவிட்டு இன்னும் ஒரு வரி சேர்த்தேன்.

எங்கள் மேலாளர் அறிக்கையைப் படித்துக்கொண்டே வந்தார். கடைசி வரியில் கண்ணாடியைக் கழற்றினார்.

"'செடியைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவர் தந்த யோசனையால் இடம் மாற்றப்பட்டது. பறித்தவர் மீது தவறு இல்லை'ன்னு எழுதியிருக்கீங்க. யாருங்க அந்த மடையன்? பேரைப் போடலையே?"

"கீழ போட்டிருக்கேன் சார்" என்றேன். "கையெழுத்தா."