ரூல் சொல்லும் வெண்டல்

விஸ்கான்சினில் குளிர் தொடங்கிவிட்டால் வெண்டல் க்ரூகருக்குப் போக்கிடம் ஒன்றுதான்: பள்ளிக்கூட நண்பன் ராய்ஸ் ஹால்வர்சன் வீட்டு நிலவறை. சனிக்கிழமை தோறும் அங்கே விளையாட்டு. ராய்ஸ் கதை சொல்வான். மற்றவர்கள் வீரனாகவும் மந்திரவாதியாகவும் புகுந்து ஆடுவார்கள். பிழைத்தார்களா செத்தார்களா என்பதைப் பகடை சொல்லும். வாரம் முழுக்க வெண்டல் மனிதரோடு பேசுவது அந்த மேசையில் மட்டும்தான்.

இதை ஆடிய பாவத்துக்காகப் பள்ளியில் இருவர் தலையையும் கழிப்பறைத் தொட்டியில் முக்கியிருக்கிறார்கள். புத்தகமும் விதியுமே கதி என்று கிடக்கும் கிறுக்கனுக்கு 'நெர்டு' என்று பெயர்; அப்போது அது அடிக்கு முன்னால் வரும் சொல். இப்போது காலம் தலைகீழ். அன்று தலையை முக்கிய அதே புண்ணியவான்களின் பிள்ளைகள் 'நான் நெர்டு' என்று எழுதிய பனியனும் பவர் இல்லாத கண்ணாடியுமாக மினுக்குகிறார்கள். வெண்டலின் கண்ணாடிக்குப் பவர் உண்டு. அதனாலோ என்னவோ அதை யாரும் அழகு என்று சொல்வதில்லை.

ராய்ஸின் மகள் ப்ரென்னா மேசையைச் சுற்றிக் கேமரா வைத்து ஆட்டத்தை இணையத்தில் நேரலையாக விட்டாள். ஊர் உலகமெல்லாம் பார்க்க ஆரம்பித்தது. ஒரு சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன் ராய்ஸ் வெண்டலைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

"கோவிச்சுக்காதடா. நீ ரூல் ரூல்னு ஆட்டத்த நிறுத்தினா பாக்குறவன் ஓடிடுறானாம்."

"தப்பா ஆடினா சும்மா இருக்கச் சொல்றியா?"

"ஆடிட்டுப் போறானுங்க, உனக்கென்ன? இன்னிக்கு மட்டும் வாயத் தொறக்காத. தொறந்தேன்னு வையி, உன் சீட்ட வேற ஆளுக்குக் குடுத்துடுவா ப்ரென்னா. அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

வெண்டல் பயந்துவிட்டான். ஆட்டம் தொடங்கியும் நெடுநேரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். பொரித்த சீஸ் உருண்டை ஆறிப்போனது, அவன் தொடவில்லை. புதிதாக வந்திருந்த டெரிக், ஆணழகன், மந்திரவாதியாக ஆடினான். தீ மந்திரத்தை ஏவிக் குகையை எரித்தான். கொஞ்ச நேரத்தில் அதையே மறுபடி ஏவினான். ஆட்ட விதிப்படி, ஒருமுறை ஏவிய மந்திரம் மந்திரவாதி தூங்கி எழுந்தால்தான் திரும்பக் கிடைக்கும். ராய்ஸுக்கு அது தெரியாதா? தெரியும். தெரிந்தும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். வெண்டலால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

"நீ இன்னும் தூங்கவே இல்லையேப்பா," என்றான்.

டெரிக் வாய்விட்டுச் சிரித்தான். "ஐயோ சாமி! என்னா நெர்டுய்யா இந்த ஆளு!"

மேசையே சிரித்தது. ராய்ஸும் சிரித்தான், கண்ணில் நீர் வரும் வரைக்கும். அன்று அந்தக் கழிப்பறைத் தொட்டியில் கூடவே முங்கி எழுந்தவன்.

ஆட்டம் முடிந்ததும் வெண்டல் கோட்டை மாட்டிக்கொண்டு படியேறினான். ப்ரென்னா போனை ஆட்டிக்கொண்டே ஓடி வந்தாள்.

"வெண்டல், எங்க போறீங்க? நீங்க பேசினப்போதான் பாக்குற கூட்டம் எகிறியிருக்கு! வாரா வாரம் இதே மாதிரி ஒண்ணு சொல்லுங்க. டெரிக் வேணும்னே தப்பு பண்ணுவான். சொல்றப்ப கேமராவப் பாத்துச் சொல்லணும், சரியா?"

வெண்டல் ராய்ஸைப் பார்த்தான். ராய்ஸ் குனிந்து பகடைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

வர மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். வீட்டில் ஆளில்லாமல் காத்திருக்கும் சனிக்கிழமைகள் நினைவுக்கு வந்தன. "எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டான்.

அடுத்த வாரம் டெரிக் தீ மந்திரத்தை இரண்டாம் முறை ஏவினான். எல்லோரும் வெண்டல் பக்கம் திரும்பி, சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்கள்.

வெண்டல் கேமராவைப் பார்த்து, "நீ இன்னும் தூங்கவே இல்லையேப்பா," என்றான்.