மெழுகுவத்தி அணைந்த குழி

என் மச்சினன் டெல்பின் கடைக்காரர் செவெரோவுக்குத் தரவேண்டிய பாக்கி ஆறாயிரத்து நானூற்றைம்பது பெசோ. பெண்டாட்டியின் பிரசவத்துக்கு வாங்கியது. அதைக் கழிக்கத்தான் செவெரோவின் தென்னந்தோப்பில் தினமும் குழி வெட்டினான். போரில் தோற்று ஜப்பான்காரன் ஓடும்போது புதைத்துவிட்டுப் போன தங்கம் அங்கே கிடக்கிறது என்று செவெரோ நம்பினார். ஊரில் பாதிப் பேர் நம்பினோம்.

ஞாயிறு மத்தியானம் கோயில் கொட்டகையில் எங்களைப் போன்றவர்களுக்கு எழுத்து வகுப்பு. கொப்பரை மூட்டை சுமந்த தோளோடு நானும் டெல்பினும் ஒரே பெஞ்சில் உட்காருவோம். அன்று அவன் வரவில்லை. காலையிலேயே சொல்லிவிட்டான்.

"அத்தான், நேத்து குழிக்குள்ள மெழுகுவத்தி அணைஞ்சிருச்சு. தலை கொஞ்சம் சுத்துச்சு, ஏறி வந்துட்டேன். கிட்ட வந்தாச்சு. இன்னைக்கு விடமாட்டேன்."

நானும் சிரித்துத்தான் அனுப்பினேன்.

லூர்தெஸ் டீச்சர் புதுப் புத்தகம் கொண்டுவந்திருந்தார். "புதையல் தேடிப் போறவங்க கதை. உடனே படிக்கப் போறதில்ல, முதல்ல யோசிப்போம். நீங்க போனா என்ன எடுத்துட்டுப் போவீங்க?"

"கயிறு." "சோறு." "கருவாடு."

"எதை வேணா எடுத்துட்டுப் போவேன், எம் புருஷனை மட்டும் கூட்டிட்டுப் போகமாட்டேன்," என்றார் மீன்காரி நெனித்தா அக்கா. "கிடைக்கிற தங்கத்தைச் சேவல் சண்டையில விட்டுருவார்."

கொட்டகையே சிரித்தது. டீச்சர் புத்தகத்திலிருந்த படத்தைக் காட்டினார். ஆழமான குழி, அதற்குள் ஒரு மனிதன், கையில் அணைந்துபோன மெழுகுவத்தி. "அடுத்து என்ன நடக்கும்?"

"தங்கம் கிடைக்கும்!" நாலைந்து குரல் ஒன்றாக வந்தது.

"எப்படிச் சொல்றீங்க?"

"காவல் பூதம் ஊதி அணைக்குது டீச்சர்," என்றார் நெனித்தா அக்கா. "அணைஞ்சா தங்கம் பக்கத்துல இருக்குன்னு அர்த்தம். இதுகூடவா தெரியாது?"

டீச்சரின் முகம் மாறியது. "அங்க காத்து கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். அணைஞ்சதும் ஏறி வந்துரணும். மெழுகுவத்திக்கே பத்தாத காத்து மனுஷனுக்கு மட்டும் எங்கேருந்து வரும்?"

பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தேன். பெஞ்சைத் தள்ளி எழுந்தேன். கத்தினேன், "டெல்பின் குழியில இருக்கான்!"

தோப்பு அவ்வளவு தூரம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. பின்னால் வகுப்பே ஓடிவந்தது. குழியோரத்தில் செவெரோ சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சத்தம் போடாதே. அணைஞ்சிருச்சு."

"டெல்பின்! டேய்!" பதில் இல்லை. செவெரோ பக்கம் திரும்பினேன். "எப்பத்திலேருந்து பேசல?"

"தங்கத்துப் பக்கத்துல பேசக்கூடாதுப்பா."

இடுப்பில் கயிறு கட்டித்தான் இறங்கியிருந்தான். நல்லவேளை. எல்லோரும் பிடித்து இழுத்தோம். வேர்களில் இடித்து, துவண்டு, மண் மூட்டை போல மேலே வந்தான். உதடு நீலம் பாய்ந்திருந்தது. டீச்சர் மண்ணில் மண்டியிட்டு அவன் வாயில் ஊதினார். மறுபடி ஊதினார். என் தம்பி எங்கே என்று என் பெண்டாட்டி கேட்பது போலவே இருந்தது. அவன் கைக்குழந்தையின் முகம் கண்முன் வந்தது.

இருமினான். வாந்தி எடுத்தான். கண் திறந்ததும், "கிடைச்சுதா?" என்றான். "உனக்குக் குழிதான் கிடைச்சுது, தடியா!" என்று திட்டிக்கொண்டே நெனித்தா அக்கா அழுதார்.

செவெரோ எங்கள் முகங்களை மாறிமாறிப் பார்த்தார். யாரும் நகரவில்லை.

"பாக்கியெல்லாம் தர வேணாம். ஊர்த் தலைவர்கிட்ட மட்டும் போயிராதீங்க."

"அது பெறகு," என்றார் நெனித்தா அக்கா. "முதல்ல தொகையைச் சொல்லி, தீர்ந்துச்சுன்னு சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்."

செவெரோ சுருட்டைக் குழிக்குள் எறிந்தார்.

"ஆறாயிரத்து நானூத்தம்பது. தீர்ந்துச்சு."